படம்: இணையம் அல்ல, மணியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள். கல்கி, தேவன், கொத்தமங்கலம் சுப்பு, சாண்டில்யன், சுஜாதா என்று முக்கியமான ஒருவரையும் விடவில்லை. ஆனால் கட்டுரையை இரண்டு தடவை படித்துப் பார்த்தும் ஓவியர் ஒருவருடைய பெயர்கூட அதில் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது 'பொன்னியின் செல்வ'னுக்காக மணியம் வரைந்த படம். கையெழுத்து இருந்த மூலை வெட்டுப்பட்டிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'படம்: இணையம்' என்று போட்டிருந்தீர்கள். இணையம் எப்போது தூரிகை பிடித்தது என்று எனக்குத் தெரியாது!

உங்கள் பத்திரிகையை மட்டும் சொல்லிப் பயனில்லை என்பது தெரியும். எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம். தொடர்கதை என்றால் அது எழுதியவருடையது, படம் என்பது பக்கத்தை நிரப்ப ஆபீஸில் யாரோ போட்டுக்கொடுத்தது என்கிற நினைப்பு நமக்குள் நன்றாக ஊறிவிட்டது. ஆனால் அந்தத் தொடர்கள் உண்மையில் எப்படி உருவாயின என்று கொஞ்சம் யோசித்தால், அவற்றில் பலவும் இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை என்பது புரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்வோம். 1950 அக்டோபர் கடைசியில் 'கல்கி' இதழில் ஆரம்பித்து 1954 மே மாதம்தான் முடிந்தது. மூன்றரை வருஷம், வாரா வாரம். கதையில் வரும் ஆட்கள் ஒருவருக்கும் புகைப்படம் கிடையாது. வந்தியத்தேவனைப் பற்றிச் சரித்திரத்தில் இருப்பதே குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டில் வரும் குறிப்பு மாதிரி ஒன்றிரண்டு தகவல்தான். நந்தினியோ முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. இவர்களுக்கெல்லாம் முகம் கொடுக்க வேண்டும், கொடுத்த முகத்தை மூன்றரை வருஷமும் மாறாமல் காப்பாற்ற வேண்டும். இந்த வாரம் பக்கவாட்டில் தெரிந்த மூக்கு அடுத்த வாரம் நேராகத் திரும்பும்போதும் அதே ஆளுடைய மூக்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசகர்களிடமிருந்து கடிதம் பறக்கும்.

இதில் எழுத்தாளரும் ஓவியரும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு ஓர் இடம் போதும். குந்தவையையும் நந்தினியையும் எதிரெதிரே நிறுத்தி கல்கி ஒப்பிடுவாரே, அந்தப் பகுதியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஒருத்தி பொன்னிறம், இன்னொருத்தி செந்தாமரை நிறம். ஒருத்திக்கு முழுநிலா மாதிரி வட்ட முகம், இன்னொருத்திக்கு நீளவாட்டான முகம். நந்தினி கூந்தலை ஆண்டாள் கொண்டையாகப் போட்டிருக்கிறாள், குந்தவையின் கொண்டையோ தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருக்கிறது. இது வெறும் வர்ணனை இல்லை. கறுப்பு வெள்ளையில் அச்சாகும் பத்திரிகையில், நிறத்தைக் காட்ட வழியில்லாத இடத்தில், இரண்டு அழகிகளை வாசகர் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஓவியருக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்த ஒரு பத்தியில் இருக்கிறது. மணியம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கொண்டையைப் பார்த்தாலே யார் என்று தெரியும், பெயரைப் படிக்கவே வேண்டாம். அந்த நகைகளையும் ஆடை மடிப்புகளையும் பார்த்தால் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளையும் கோயில் சிற்பங்களையும் மணிக்கணக்கில் உற்றுப் பார்த்த கண் தெரிகிறது. அப்புறம் அதே கதை திரும்பத் திரும்பத் தொடராக வந்தபோது வினு, பத்மவாசன் என்று வேறு வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் பாணியில் நன்றாகவே வரைந்தார்கள். இருந்தும் அந்தக் கொண்டைகளை விட்டு யாராலும் ரொம்ப தூரம் போக முடியவில்லை. எழுத்தில் இருந்ததால் மட்டுமா அப்படி? மணியம் கண்ணில் ஏற்றிவிட்டதாலும்தான் என்பேன்.

வாரப் பத்திரிகை வேலை என்பது எப்படிப்பட்ட நெருக்கடி என்று இப்போதைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தக் காலத்தில் படத்தை அப்படியே அச்சில் ஏற்ற முடியாது. படம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலம் விட்டு அரித்து, பிளாக் செய்ய வேண்டும். அதற்கென்று தனியாக நேரம் வேண்டும். அதனால் அத்தியாயம் அச்சுக் கோக்கப் போவதற்கு முன்னாலேயே படம் தயாராக வேண்டிய வாரங்களும் உண்டு. எழுத்தாளர் இன்னும் எழுதி முடித்திருக்க மாட்டார். என்ன காட்சி வரப்போகிறது என்று கேட்டு, தொலைபேசியில் சொல்லும் நாலு வரியை வைத்துக்கொண்டு ஓவியர் வரைய வேண்டும். "கதாநாயகி கிணற்றடியில் நிற்கிறாள், பின்னால் ஒருத்தன் வருகிறான்" என்று சொன்னால் ஆச்சு. அவள் எந்தச் சேலை கட்டியிருக்கிறாள், பகலா ராத்திரியா, வருகிறவன் மீசை வைத்தவனா, எல்லாவற்றையும் ஓவியர்தான் முடிவு செய்வார். அப்புறம் எழுத்தாளர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மிச்ச அத்தியாயத்தை எழுதினால், அந்த மீசை கதைக்குள் வந்துவிடும். அடுத்த வாரத்திலிருந்து அவன் மீசைக்காரன். இதில் யார் யாருக்குத் துணை? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அச்சின் குறையும் பாணியைத் தீர்மானித்தது. மட்டமான நியூஸ்பிரிண்டில் மெல்லிய கோடு உடைந்துபோகும், நெருக்கமாகப் போட்ட கோடுகளுக்கு நடுவே மை அடைத்துக் கறுப்புத் திட்டாகிவிடும். அதனால்தான் அந்தத் தலைமுறை ஓவியர்களிடம் தடித்து மெலிகிற அந்தத் தூரிகைக் கோடும், எங்கே வெள்ளையை விட வேண்டும் என்கிற கணக்கும் அவ்வளவு தேர்ச்சியாக இருந்தன. கோபுலுவிடம் இது உச்சம். பத்துப் பேர் கூடி நிற்கிற காட்சியை இருபது முப்பது கோட்டில் முடித்துவிடுவார், பத்துப் பேரும் பத்து விதமான ஆளாக இருப்பார்கள். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' எழுதியபோது படம் போட்டவர் அவர்தான். நாதஸ்வரமும் சதிராட்டமும் திருவிழாவும் ஓடுகிற கதைக்குத் தஞ்சாவூர்க்காரரான, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த ஒருவர் ஓவியராக அமைந்தது சுப்புவுக்குக் கிடைத்த பாக்கியம். தவில்காரர் உட்காருகிற தோரணையையும், நாதஸ்வரக்காரர் தோளில் துண்டு கிடக்கிற விதத்தையும் அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

தேவனின் துப்பறியும் சாம்புவுக்கும் இதே கதைதான். அசட்டுக் களையோடு ஒரு துப்பறிகிறவன் என்பது எழுத்தில் பாதிதான். அந்த அசட்டுத்தனம் முகத்தில் தெரிந்த பிறகுதான் சாம்பு முழு ஆள் ஆனான். சாண்டில்யனின் தொடர்களுக்குக் குமுதத்தில் லதா, சுஜாதாவின் வக்கீல் ஜோடி கணேஷ், வசந்துக்கு ஜெயராஜ். வசந்த் என்றதும் உங்களுக்கு ஒரு முகம் வருகிறது அல்லவா? சுஜாதா அவனுடைய பேச்சைக் கொடுத்தார், முகத்தை ஜெயராஜ் கொடுத்தார். டி.வி.யிலும் சினிமாவிலும் யார் யாரோ நடித்துப் பார்த்தார்கள், பழைய வாசகர்கள் ஒருவரையும் ஒத்துக்கொள்ளவில்லை.

எல்லா ஜோடியும் சிறப்பு என்று சொல்ல வரவில்லை. கதை ஒரு பக்கம் போக, அதற்குச் சம்பந்தமே இல்லாமல் நடுப்பக்கத்தில் ஒரு பெண் ஈரச் சேலையோடு நின்ற வாரங்களையும் பார்த்திருக்கிறோம். அதில் ஓவியரைவிட விற்பனைக் கணக்குக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணமும் உண்டு. கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் 'கரிசல் காட்டுக் கடுதாசி' எழுதியபோது ஆதிமூலம் வரைந்தார். அதில் கதாநாயகி கிடையாது, திருப்பம் கிடையாது, ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியான எழுத்து. அதற்கு ஆதிமூலம் காட்சியை விளக்கி வரையவில்லை. காய்ந்த முள்மரம் மாதிரிச் சிலுப்பிக்கொண்டு நிற்கிற கோடுகள், மீசையும் முண்டாசுமாக நிலத்தின் நிறத்திலேயே மனிதர்கள். கி.ரா. எழுதிய வட்டார வழக்குக்கு அதுதான் சரியான கோடு. நவீன ஓவியம் புரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த லட்சக்கணக்கான பேர், அது நவீன ஓவியம் என்றே தெரியாமல் வாராவாரம் அதை ரசித்தார்கள். இதை எந்தக் கலைக் கண்காட்சி செய்திருக்க முடியும் சொல்லுங்கள்.

வெளியூர் உதாரணம் கேட்பவர்களுக்கு இரண்டு சொல்கிறேன். லூயிஸ் கரோல் ஆலிஸ் கதையின் இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, அதில் விக் வைத்த ஒரு குளவி வருகிற பகுதி இருந்தது. ஓவியர் ஜான் டென்னியல் 1870-இல் கடிதம் எழுதினார்: அந்தக் குளவி சமாச்சாரம் எனக்குச் சுவாரஸ்யமாகவே இல்லை, படத்துக்கும் தோது இல்லை, புத்தகத்தைக் குறைக்க வேண்டும் என்றால் அதைத்தான் குறைக்கலாம் என்று. கரோல் சாதாரணப்பட்ட ஆள் இல்லை, ஒவ்வொரு கோட்டுக்கும் மல்லுக்கு நிற்கிறவர். ஆனாலும் பகுதியை எடுத்துவிட்டார். அந்தப் பகுதியின் அச்சுப்படி நூறு வருஷத்துக்கு மேல் கழித்து 1974-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்த பிறகுதான் உலகம் அதைப் படிக்க முடிந்தது. முதல் பாகம் 1865-இல் அச்சானபோதும் இதே டென்னியல்தான் படங்கள் சரியாக விழவில்லை என்று சொல்ல, கரோல் 2000 பிரதிகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டு மறுபடி அச்சடிக்க வைத்தார், அதுவும் தன் கைக்காசில். ஓர் ஓவியர் சொன்னதற்காக!

இன்னொன்று ரோல்டு டால், குவென்டின் பிளேக் ஜோடி. 1982-இல் வந்த 'பிஎஃப்ஜி' கதையில் வரும் அந்த நல்ல ராட்சசனுக்கு முதலில் டால் எழுதியிருந்தது பெரிய பூட்ஸ். பிளேக் வரைந்து காட்டியபோது இருவருக்குமே அது ஒட்டவில்லை. என்ன போடலாம் என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, டால் தன்னுடைய பழைய செருப்பு ஒன்றைப் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்பிவிட்டார். பிளேக் அதைப் பார்த்துத்தான் ராட்சசனின் காலை வரைந்தார். பூட்ஸ் போய்விட்டது, செருப்பு நின்றுவிட்டது. நம் பத்திரிகை ஆபீஸ்களில் இதைவிட ருசியான கதைகள் எத்தனை நடந்திருக்கும்! யாரும் எழுதி வைக்கவில்லை. ஓவியர்களிடம் பேட்டி எடுத்தால் அதிலும் "அந்த எழுத்தாளர் எப்படிப்பட்டவர்?" என்றுதானே கேட்கிறோம்.

படம் வாசகனின் கற்பனையைக் கெடுக்கிறது, எனக்கு வேண்டிய முகத்தை நானே கற்பனை செய்துகொள்வேன் என்று ஒரு வாதம் உண்டு. தீவிர இலக்கிய வாசகர்கள் பலர் இதைச் சொல்வார்கள். சரி, நல்ல வாதம்தான். புத்தகமாகவே எழுதப்பட்டு, புத்தகமாகவே வந்த நாவலுக்கு அது பொருந்தும். ஆனால் வாராவாரம் படத்தோடு சேர்த்து எழுதப்பட்டு, படத்தோடு சேர்த்துப் படிக்கப்பட்ட ஒன்றுக்கு எப்படிப் பொருந்தும்? அங்கே எழுத்தாளரே, 'மிச்சத்தைப் படம் பார்த்துக்கொள்ளும்' என்கிற தைரியத்தில் பல இடங்களில் வர்ணனையைக் குறைத்துக்கொண்டு வசனத்தில் பாய்ந்திருக்கிறார். படத்தை எடுத்துவிட்டு அதை மட்டும் அச்சடித்தால் அந்த இடங்கள் மொட்டையாக நிற்கின்றன.

எங்கள் வீட்டில் அம்மா பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த தொகுதிகள் இன்னும் இருக்கின்றன. ஊசியும் நூலும் போட்டுத் தைத்து, காலிகோ துணி ஒட்டியது. அதில் ஒன்றையும், அதே கதையின் இப்போதைய புத்தகப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் அத்தியாயத் தலைப்பே ஓவியர் கையால் எழுதியது, அந்த எழுத்தின் கடைசி வளைவு கீழே இறங்கிப் படத்திலிருக்கிற கொடியோடு சேர்ந்துகொள்கிறது. படம் இரண்டு பத்திக்குக் குறுக்கே சாய்வாகப் போக, அச்சுக் கோத்தவர் வரிகளைப் படத்தின் ஓரத்துக்கு ஏற்றபடி ஒடித்து ஒடித்து அடுக்கியிருக்கிறார். பின்பக்கத்து விளம்பரம் லேசாகத் தெரிகிறது, அது வேறு ஓர் அழகு. புதிய பதிப்பில் தாள் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, எழுத்து கணக்காக இருக்கிறது, படம் ஒன்றுகூட இல்லை. அட்டையில் மட்டும் ஒரு பெண் முகம், அது பழைய படம் ஒன்றிலிருந்து ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் கலர் அடித்தது. உள்ளே எத்தனையாம் பதிப்பு, தாள் எத்தனை ஜிஎஸ்எம், எழுத்தின் அளவு என்ன, எல்லாம் போட்டிருக்கிறார்கள். ஓவியர் பெயர் கிடையாது. தாளின் எடைக்குக் கிடைத்த மரியாதைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

இதில் சட்டமும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள், நல்லது. ஆனால் நாட்டுடைமை ஆனது எழுத்துதான். படத்தின் உரிமைக் கணக்கு தனி. நம் நாட்டில் ஒரு படைப்பின் பதிப்புரிமை, படைத்தவர் மறைந்த பிறகு 60 வருஷம் நீடிக்கும். கல்கி மறைந்தது 1954. மணியம் மறைந்தது 1968, அப்போது அவருக்கு 44 வயதுதான். அப்படியானால் 2028 வரை அவருடைய படங்களுக்கு உரிமை உண்டு. அது குடும்பத்திடம் இருக்கிறதா, பத்திரிகையிடம் இருக்கிறதா என்பது அவர்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 'இணைய'த்திடம் நிச்சயமாக இல்லை.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவையும் ஓவியர்கள் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. பத்திரிகையில் சம்பளத்துக்கு இருந்து, பத்திரிகைக்காக வரைந்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அதைப் பத்திரிகையில் வெளியிடுகிற உரிமைதான் நிர்வாகத்துக்கு. மற்றபடி அது வரைந்தவருக்கே சொந்தம். 57-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. உரிமையை முழுக்க எழுதிக் கொடுத்துவிட்டால்கூட, 'இதை வரைந்தவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை வரைந்தவரை விட்டுப் போகாது. கையெழுத்தை வெட்டிவிட்டு அச்சடிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். வழக்குப் போட ஆள் இல்லை என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது.

இப்போது புதிதாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. நாலு வரி தட்டினால் செயற்கை நுண்ணறிவே அட்டைப்படம் போட்டுக் கொடுத்துவிடுகிறது, ஓவியருக்குக் கொடுக்கிற காசு மிச்சம் என்கிறார்கள் பதிப்பாளர்கள். சிறிய பதிப்பாளரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது, அவரைத் திட்ட மனசு வரவில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பாருங்கள். எல்லாச் சோழ இளவரசியும் ஒரே முகம், நகை எந்த ஊர் நகை என்றே சொல்ல முடியாது. ஓவியர் என்றால் கையெழுத்துப் பிரதியைப் படிப்பார், படித்துவிட்டு எழுத்தாளருக்குப் போன் போட்டு, "சார், மூன்றாம் அத்தியாயத்தில் இவனுக்கு இடது கையில் அடிபட்டது என்று எழுதிவிட்டு ஏழாம் அத்தியாயத்தில் அதே கையால் வாள் வீசுகிறான், எதை வரைய?" என்று கேட்பார். நாவலுக்குக் கிடைக்கிற முதல் வாசகர் பல சமயம் அவர்தான், அதுவும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தே தீர வேண்டிய வாசகர். எழுத்தாளர் மூடி மறைத்துச் சமாளித்த இடமெல்லாம் அவரிடம் மாட்டிக்கொள்ளும். அந்தக் கேள்வியை எந்த மென்பொருளும் எழுத்தாளருக்குப் போன் போட்டுக் கேட்கப் போவதில்லை.

சிறுவர் புத்தகங்களில் நிலைமை கொஞ்சம் தேவலை. அங்கே எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் அட்டையில் சேர்ந்தே வருவதைப் பார்க்கிறேன். குழந்தைகளுக்குக் கொடுக்கிற மரியாதையைப் பெரியவர்கள் புத்தகத்துக்கும் கொடுத்தால் என்ன?

பதிப்பாளர்கள் பழைய தொடர்களை மறுபதிப்புப் போடும்போது, உரியவர்களிடம் கேட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, பழைய படங்களையும் சேர்க்கலாம். எல்லாப் படமும் வேண்டாம், பத்து இருபது போதும். முடியாவிட்டால், 'தொடராக வந்தபோது ஓவியம்: இன்னார்' என்று உள்ளே ஒரு வரி போடலாம், அதற்குப் பைசா செலவு இல்லை. பழைய இதழ்களில் ஓவியர் கையெழுத்து ஒவ்வொரு படத்திலும் இருக்கிறது, தேடுவதும் கஷ்டம் இல்லை. மூலப் படங்கள் இன்னும் யாராவது ஓவியர் வீட்டுப் பரணில் இருந்தால், அவை செல்லரிப்பதற்குள் நல்ல ஸ்கேன் எடுத்து வைக்க நூலகங்களோ அரசு அருங்காட்சியகமோ முன்வர வேண்டும். பத்திரிகைத் தாள் எவ்வளவு நாள் தாங்கும் என்பது பழைய பைண்டு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், புரட்டினாலே ஓரம் உதிர்கிறது.

உங்களிடம் கேட்பது இன்னும் சுலபமானது. வாராவாரம் நீங்கள் போடுகிற நூல் அறிமுகப் பெட்டியில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை, தொலைபேசி எண் வரைக்கும் இருக்கிறது. அதில் 'ஓவியம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அட்டைக்கும் சரி, உள்படங்களுக்கும் சரி. புத்தகத்தில் பெயர் இல்லாவிட்டால் பதிப்பாளருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். எண்தான் பெட்டியிலேயே இருக்கிறதே.

இப்படிக்கு,
பழைய தொடர்கதை வாசகர் ஒருவர்